நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் மறைவு: துக்கமும் கட்சிச் சண்டையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் வாஷிங்டனில் தன் வீட்டில் காலமானார். வயது 87. கணையப் புற்றுநோய். அதிபர் தேர்தலுக்கு அப்போது 46 நாள் பாக்கி. அவர் உடல் மண்ணுக்குள் போவதற்கு முன்பே அவர் நாற்காலிக்கு ஆள் அறிவித்துவிட்டார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

யார் இந்த கின்ஸ்பர்க்?

1933-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், வசதி குறைந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் பட்டமளிப்பு விழாவுக்கு முதல் நாள் அம்மா புற்றுநோயில் போய்விட்டார். 1956-ல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது ஏறக்குறைய ஐந்நூறு பேர் இருந்த வகுப்பில் பெண்கள் ஒன்பதே பேர். பிறகு கொலம்பியாவுக்கு மாறி, அங்கே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு தேறினார். அப்படியும் நியூயார்க்கில் ஒரு வக்கீல் நிறுவனம்கூட வேலை தரவில்லை. யூதர், பெண், அதற்கு மேல் ஒரு குழந்தைக்குத் தாய் என்பதுதான் காரணம் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

1970-களில் பெண்களின் சம உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தில் ஆறு வழக்குகள் வாதாடி, ஐந்தில் ஜெயித்தார். 1980-ல் மேல்முறையீட்டு நீதிபதி. 1993-ல் அதிபர் கிளிண்டன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஆதரவு 96, எதிர்ப்பு 3. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு நீதிபதிக்காக ஜனங்கள் தெருவில் நின்று அழுதார்களே, அப்படி என்ன செய்துவிட்டார்?

பட்டியல் போடுவதைவிட ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

நியூஜெர்சியில் ஸ்டீபன் வீசன்ஃபெல்ட் என்று ஒருவர். மனைவி பள்ளி ஆசிரியை. வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் அந்த அம்மாதான். 1972-ல் பிரசவத்தில் அவர் இறந்துவிட்டார், குழந்தை பிழைத்தது. கைக்குழந்தையைத் தானே வளர்ப்பது என்று முடிவு செய்த வீசன்ஃபெல்ட், சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை கேட்டுப் போனார். இறந்தவர் வருஷக்கணக்கில் அதற்குச் சந்தா கட்டியிருந்தார். ஆனாலும் 'தாய்க்குத்தான் தருவோம், தகப்பனுக்குக் கிடையாது' என்றது சட்டம். கணவன் செத்தால் மனைவி குழந்தையைப் பார்ப்பாள், மனைவி செத்தால் கணவன் வேலைக்குத்தான் போவான் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

கின்ஸ்பர்க் இந்த வழக்கை எடுத்தார். உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய அன்று வீசன்ஃபெல்ட்டைத் தன் பக்கத்திலேயே வக்கீல் மேசையில் உட்கார வைத்துக்கொண்டார். ஒன்பது ஆண் நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் அது. பாகுபாடு ஆணையும் அடிக்கும் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தார். 1975-ல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. கதை அதோடு முடியவில்லை. 1993-ல் கின்ஸ்பர்க்கின் நியமன விசாரணையில் வீசன்ஃபெல்ட் வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டபோது நடத்தி வைத்தவர் நீதிபதி கின்ஸ்பர்க். வருஷங்கள் கழித்து அப்பாவின் மறுமணத்தையும் அவரே நடத்தி வைத்தார்.

அவர் நீதிபதியாக வந்த பிறகு நீதிமன்றம் மெல்ல வலதுபக்கம், அதாவது பழமைவாதிகள் பக்கம், சாய்ந்தது. பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதி தனியாக எழுதும் மாற்றுத் தீர்ப்புகள் அவருடைய அடையாளம் ஆயின. 2007-ல் லில்லி லெட்பெட்டர் என்ற பெண்ணின் சம ஊதிய வழக்கு, கெடு தாண்டிவிட்டது என்று தள்ளுபடியானது. கின்ஸ்பர்க் தன் மாற்றுத் தீர்ப்பை நீதிமன்றத்தில் சத்தமாக வாசித்து, இனிச் சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார். 2009-ல் திருத்தவும் செய்தார்கள். 2013-ல் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதியைப் பெரும்பான்மை நீதிபதிகள் செயலிழக்கச் செய்தபோது, 'நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையைத் தூக்கி எறிவது போல' என்று எழுதினார். அந்த வருஷம்தான் ஒரு சட்டக் கல்லூரி மாணவி இணையத்தில் அவருக்கு ஒரு ராப் பாடகரின் பெயரையொட்டிச் செல்லப்பெயர் வைக்க, எண்பது வயதில் அவர் இளைஞர்களின் நாயகி ஆனார். சரிகைக் கழுத்துப்பட்டை, பெரிய கண்ணாடி, சின்ன உருவம் என்று டீ-சர்ட் எல்லாம் வந்தது.

இறந்த அன்று இரவு என்ன நடந்தது?

சேதி வெளியே வந்தது வாஷிங்டனில் இரவு ஏழரை மணிவாக்கில். நமக்கு அது சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. எழுந்து போனைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

அங்கே யாரும் கூப்பிடாமலே ஜனங்கள் உச்ச நீதிமன்றப் படிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். கொரோனா காலம், எல்லோர் முகத்திலும் கவசம். மெழுகுவத்தி ஏற்றினார்கள், பூ வைத்தார்கள், சேர்ந்து பாடினார்கள். அன்று சூரியன் மறைந்ததும் யூதப் புத்தாண்டு பிறந்திருந்தது. யூதர்கள் இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் என்ற வேண்டுதலையும் சிலர் அந்தப் படிகளில் சொன்னார்கள். நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால் போ, துக்கத்துக்குக் கூப்பிடாமலே போ என்று நம் பக்கம் சொல்வோமே, அதை அங்கே பார்த்தேன்.

அதே நேரத்தில் மின்னசோட்டாவில் பிரசாரக் கூட்டத்தை முடித்துவிட்டு விமானத்துக்கு வந்த அதிபர் ட்ரம்புக்குச் செய்தியாளர்கள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஒத்துப்போகிறோமோ இல்லையோ, அற்புதமான பெண்மணி, அற்புதமான வாழ்க்கை வாழ்ந்தவர் என்றார். அந்த வார்த்தை மனதிலிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் சேதி வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானலின் அறிக்கை வந்துவிட்டது. முதல் பத்தியில் இரங்கல். அப்புறம், ட்ரம்ப் நியமிக்கும் நபர் செனட்டில் வாக்கெடுப்புக்கு வருவார் என்ற உறுதி. எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஜனநாயகக் கட்சியினருக்கு நன்கொடை திரட்டும் இணையதளத்தில் அடுத்த ஒன்றரை நாளுக்குள் 9 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. அழுதுகொண்டே பணம் அனுப்பியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நீதிபதி இறந்தால் அரசியல் ஏன் இப்படி ஆட்டம் காண வேண்டும்?

இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும். அமெரிக்காவில் ஓய்வு வயதே கிடையாது. தானாக விலகினால் உண்டு, இல்லாவிட்டால் சாகும்வரை பதவி. மொத்தம் ஒன்பது பேர்தான். கருக்கலைப்பு, துப்பாக்கி, தேர்தல் சட்டம் என்று நாட்டைப் பிளக்கும் எல்லா விஷயமும் கடைசியில் அந்த ஒன்பது பேரிடம்தான் போய் நிற்கிறது. அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். ஆக, ஒரு நீதிபதியின் மூச்சு எந்த அதிபர் காலத்தில் நிற்கிறது என்பது முப்பது வருஷத்துக்கு நாட்டின் சட்டத்தை மாற்றிவிடும். ஒரு வயதான அம்மாவின் உடல்நிலை அறிக்கையைக் கோடிக்கணக்கான பேர் நகத்தைக் கடித்துக்கொண்டு படிக்க வைத்த ஏற்பாடு அது. இதை நான் குரூரமானது என்றுதான் சொல்வேன்.

2016, 2016 என்று எல்லோரும் சொன்னார்களே, அது என்ன?

2016 பிப்ரவரி 13-ல் நீதிபதி அன்டனின் ஸ்கேலியா இறந்தார். அதிபர் ஒபாமா, மெரிக் கார்லண்டை நியமித்தார். தேர்தல் வருஷம், ஜனங்களே முடிவு செய்யட்டும் என்று சொல்லி மெக்கானல் கதவைச் சாத்திவிட்டார். கார்லண்டின் நியமனம் 293 நாள் காத்துக் கிடந்து, ஒரு விசாரணைகூட நடக்காமல் காலாவதியானது. ஸ்கேலியா இறந்தபோது தேர்தலுக்கு எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

2020-ல் ஏழு வாரம்கூட இல்லை. அப்படியானால் அதே நியாயம் இப்போது எங்கே என்று கேட்டார்கள். 2016-ல் அதிபர் ஒரு கட்சி, செனட் வேறு கட்சி, இப்போது இரண்டும் ஒன்றே, அதனால் இது வேறு என்று மெக்கானல் தரப்பு பதில் சொன்னது. இந்த வேறுபாட்டை 2016-லேயே அவர்கள் ஓரமாகத் தொட்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் மேடையில் ஓங்கிச் சொன்னது 'ஜனங்கள் முடிவு செய்யட்டும்' என்பதைத்தான். குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சே கிரஹாம் அப்போது, என் வார்த்தையை எனக்கு எதிராகவே பின்னால் எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். காட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஜனநாயகக் கட்சியினரும் 2016-ல் பாடிய பாட்டை மாற்றித்தான் பாடினார்கள். இருந்தாலும் கதவை முதலில் சாத்தியவர்களுக்குத்தான் இதில் பெரிய பொறுப்பு என்பது என் கருத்து.

அவருடைய 'கடைசி விருப்பம்' உண்மைதானா?

இறப்பதற்குச் சில நாள் முன்பு பேத்தியிடம் சொல்லி எழுத வைத்தார்: புதிய அதிபர் பதவியேற்கும்வரை என் இடத்தில் யாரையும் அமர்த்தக் கூடாது என்பதே என் தீவிரமான விருப்பம். கின்ஸ்பர்க்கைப் பல பத்தாண்டுகளாக அறிந்த வானொலிச் செய்தியாளர் நீனா டோட்டன்பெர்க் இதை வெளியிட்டார். மூன்று நாள் கழித்து ட்ரம்ப் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இதை அவர் சொன்னாரா, இல்லை எதிர்க்கட்சித் தலைவர்கள் எழுதிக் கொடுத்தார்களா என்று சந்தேகம் கிளப்பினார். அவர் சொன்னது உண்மை, அறையில் வேறு ஆட்களும் இருந்தார்கள் என்று டோட்டன்பெர்க் பதில் சொன்னார்.

சட்டப்படி அந்த விருப்பத்துக்கு மதிப்பில்லை. நாற்காலி எந்த நீதிபதியின் சொத்தும் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016-ல் கார்லண்ட் விவகாரத்தில் இதே கின்ஸ்பர்க், கடைசி வருஷத்திலும் அதிபர் அதிபர்தான், நியமனத்தைப் பரிசீலிப்பது செனட்டின் வேலை என்று பேட்டி கொடுத்திருந்தார். குடியரசுக் கட்சியினர் அதை எடுத்து வீசினார்கள். வீசினால் படத்தான் செய்யும். ஆனால் சாகப்போகிற ஒருவர் பேத்தியிடம் சொல்லி எழுதிய வரியைப் பொய் என்று சொல்வது வேறு, மறுப்பது வேறு. மறுத்திருக்கலாம். பொய் என்று சொல்லியிருக்கக் கூடாது.

பொது அஞ்சலி எப்படி நடந்தது?

செப்டம்பர் 23, புதன்கிழமை காலை ஒன்பதரை. இங்கே இரவு ஏழு மணி, நேரலையில் பார்த்தேன். அவரிடம் உதவியாளர்களாக இருந்து, இன்று வக்கீல்களாகவும் பேராசிரியர்களாகவும் நீதிபதிகளாகவும் இருக்கிற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பு உடையில், முகக்கவசத்தோடு, நீதிமன்றத்தின் அகலமான வெள்ளைப் படிகளில் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு நின்றார்கள். யாரும் பேசவில்லை. கொடி போர்த்திய பெட்டி அவர்களுக்கு நடுவே படி ஏறிப் போனது. ஒவ்வொருவர் முகத்தையும் கேமரா தாண்டிப் போகும்போது கண் மட்டும்தான் தெரிந்தது. அந்த நாட்களில் நடந்த அத்தனையிலும் எனக்கு மறக்காமல் நிற்கிற காட்சி இதுதான்.

உள்ளே சிறிய சடங்கு. ரபி லாரன் ஹோல்ட்ஸ்ப்ளாட் என்ற பெண் மதகுரு பேசினார். நீதிமன்றத்தில் ரூத்தின் குரல் மெல்லியது, ஆனால் அவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள் என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். ராபர்ட்ஸை நியமித்தவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். பெரிய வழக்குகளில் இருவரும் பெரும்பாலும் எதிரெதிர்ப் பக்கம்தான். அவர் பேச்சில் அதெல்லாம் தெரியவே இல்லை.

கொரோனாவால் பெட்டியை வெளியே, படிகளின் உச்சியில் தூண்களுக்கு நடுவே வைத்தார்கள். 1865-ல் ஆபிரகாம் லிங்கனின் பெட்டியைத் தாங்கச் செய்த பைன் மர மேடையின் மேல்தான் இவரையும் வைத்தார்கள். இரண்டு நாள் ஜனங்கள் கீழே வரிசையில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சரிகைக் கழுத்துப்பட்டை போட்ட சின்னப் பெண்பிள்ளைகளை அம்மாக்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே, நீதிமன்றக் கூடத்தில் அவர் நாற்காலிக்கும் அதற்கு முன்னாலிருந்த மேசைக்கும் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். 1873-ல் தொடங்கிய வழக்கம் அது.

வெள்ளிக்கிழமை நாடாளுமன்றக் கட்டடத்தில் அரசு மரியாதையோடு உடல் வைக்கப்பட்டது. அந்த மரியாதை பெற்ற முதல் பெண் அவர், முதல் யூதரும் அவரே. ஓபராப் பாடகி டெனிஸ் கிரேவ்ஸ் பாடினார். கின்ஸ்பர்க்குக்கு ஓபரா என்றால் உயிர். பிரையன்ட் ஜான்சன் என்பவர் பல வருஷம் அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவர். அவர் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார், சட்டென்று கீழே குனிந்து மூன்று தண்டால் எடுத்தார், எழுந்து போய்விட்டார். எண்பது வயதுக்கு மேலும் கின்ஸ்பர்க் அவரிடம் தண்டால் எடுத்தவர். அவரவருக்குத் தெரிந்த மொழியில்தானே அழ முடியும்.

அதிபர் அஞ்சலி செலுத்த வந்தபோது கூச்சல் போட்டார்களே, அது சரியா?

வியாழக்கிழமை ட்ரம்பும் மனைவியும் முகக்கவசம் அணிந்து பெட்டிக்கு அருகில் சில நிமிடம் மௌனமாக நின்றார்கள். கீழேயிருந்த கூட்டம் 'ஓட்டுப் போட்டு அனுப்புங்கள்', 'அவர் விருப்பத்தை மதியுங்கள்' என்று கத்தியது.

கோபம் எனக்குப் புரிகிறது. யாருடைய விருப்பத்தைப் பொய் என்று மூன்று நாள் முன்பு சொன்னாரோ, அவருக்கே அஞ்சலி செலுத்த வந்து நிற்கிறார். ஆனாலும் துக்கம் கேட்க வந்தவரை வாசலில் வைத்துப் பேசக் கூடாது. நம் ஊரில் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி மாலையோடு வந்து நின்றால் வழி விடுவோம். பகை எழவு முடிந்து தொடரலாம். கின்ஸ்பர்க்கே அதைத்தான் விரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கும் ஸ்கேலியாவுக்கும் இருந்த நட்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

என்ன நட்பு அது?

ஸ்கேலியா பழமைவாதிகளின் தூண். இருவரும் தீர்ப்புகளில் ஒருவரை ஒருவர் கிழித்து எழுதுவார்கள். அப்புறம் சேர்ந்து ஓபராவுக்குப் போவார்கள். புத்தாண்டு இரவு விருந்தை இரண்டு குடும்பமும் சேர்ந்து கொண்டாடும். 1994-ல் இந்தியா வந்தபோது ராஜஸ்தானில் ஒரே யானையில் இருவரும் ஏறிப் போன படம் இருக்கிறது. ஸ்கேலியா முன்னால், கின்ஸ்பர்க் பின்னால். பெண்ணுரிமைக்காரி நீ ஏன் பின்னால் உட்கார்ந்தாய் என்று தோழிகள் கேட்டார்களாம். எல்லாம் எடையைச் சமப்படுத்தத்தான் என்றார். ஸ்கேலியா நல்ல பருமன்.

செனட் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியதா?

செப்டம்பர் 22-ல் நடந்ததைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. ஜனநாயகக் கட்சித் தலைவர் சக் ஷூமர், கின்ஸ்பர்க்கின் கடைசி விருப்பத்தையும் சேர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார். குடியரசுக் கட்சியின் டெட் க்ரூஸ் மறுத்தார். அந்த வரியை எடுத்துவிட்டு, நீதிபதிகளின் எண்ணிக்கையை ஒன்பதுக்கு மேல் கூட்டக் கூடாது என்று கின்ஸ்பர்க் முன்பு சொன்னதைச் சேர்க்கலாம் என்றார். ஷூமர் மறுத்தார். அன்று தீர்மானம் நிறைவேறவில்லை. இரண்டு பேருமே அந்த அம்மாவின் வார்த்தையைத்தான் கையில் வைத்திருந்தார்கள். வெறும் நான்கு வரி இரங்கலை மட்டும் வாசித்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கின்ஸ்பர்க் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. 2013, 2014-ல் ஒபாமா அதிபர், செனட்டும் அவர் கட்சியின் கையில். வயது எண்பது தாண்டிவிட்டது, இரண்டு முறை புற்றுநோய் வந்துபோயிருந்தது, இப்போதே விலகுங்கள் என்று அவர்மேல் அன்பு வைத்திருந்தவர்களே சொன்னார்கள். கேட்கவில்லை. என் வேலையை முழுசாகச் செய்ய முடிகிறவரை இருப்பேன் என்றார். 2016 தேர்தல் நேரத்தில் ட்ரம்பை வெளிப்படையாகத் திட்டிவிட்டு, அது நீதிபதிக்கு அழகல்ல என்று பிறகு வருத்தமும் தெரிவித்தார். அவர் ரசிகர்கள் பலர் இந்தப் பேச்சையே எடுக்கவிடுவதில்லை. மரியாதை வைப்பதற்கு ஒருவர் தவறே செய்யாதவராக இருக்க வேண்டியதில்லை என்பதால் நான் எடுக்கிறேன்.

கடைசியில் அந்த இடத்துக்கு யார் வந்தார்?

ஏமி கோனி பாரெட். செப்டம்பர் 26, சனிக்கிழமை வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அறிவித்தார்கள். தன் பேச்சில் பாரெட், கின்ஸ்பர்க்கை மரியாதையோடுதான் நினைவுகூர்ந்தார். அக்டோபர் 26-ல் செனட் ஒப்புதல் அளித்தது. ஆதரவு 52, எதிர்ப்பு 48. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டும் இல்லை, குடியரசுக் கட்சியில் சூசன் காலின்ஸ் மட்டும் எதிர்த்தார். மேலே 96-3 என்று சொன்னேனே, 27 வருஷத்தில் அது இங்கே வந்து நின்றது. 2022 ஜூன் 24-ல், கருக்கலைப்பு உரிமைக்கு 1973 முதல் இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை நீதிமன்றம் நீக்கியபோது பாரெட் பெரும்பான்மையில் இருந்தார்.

எங்கே அடக்கம் செய்தார்கள்?

யூத வழக்கத்தில் சீக்கிரமே அடக்கம் செய்துவிடுவார்கள். பொது அஞ்சலிக்காக இவருக்குத் தள்ளிப்போனது. செப்டம்பர் 29, செவ்வாய்க்கிழமை, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில், குடும்பத்தார் மட்டும் இருக்க, 2010-ல் மறைந்த கணவர் மார்ட்டின் பக்கத்தில். இவர் வேலைக்கு ஓடிய நாட்களில் வீட்டில் சமையல் அவர்தான். கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்கு வழக்காக வாதாடி வழிகாட்டிய நீதிபதி தர்குட் மார்ஷலின் கல்லறையும் அதே ஐந்தாவது பிரிவில்தான் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் யூத வழக்கப்படி பூவுக்குப் பதில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு வரலாம்.